கம்பி இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே

"அந்தக் கம்ப்யூட்டரில் நெட்டே கிடையாது, வைரஸ் எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலைதான் பதில். வெளி இணையத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று வைக்கப்பட்ட இடம் அது. 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்று கண்டுபிடித்த ஸ்டக்ஸ்நெட், அப்படிப்பட்ட இடத்துக்குள் பென்டிரைவில் ஏறிப் போகவே எழுதப்பட்டது. எந்த ஃபைலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. பென்டிரைவில் இருப்பதை விண்டோஸ் திரையில் பார்த்தாலே, ஐகான் தெரிந்த நொடியில் வைரஸ் இறங்கிவிட்டது. பிறகு அது சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, 1,064 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்களை 1,410 வரை விரட்டியது, இன்னொரு நேரம் 2-க்கு இறக்கியது. கட்டுப்பாட்டு அறைத் திரையோ எல்லாம் சுகம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அது நாடுகளின் சண்டை, நம் ஆபீஸை யார் சீண்டப்போகிறார்கள் என்பார்கள். ஸ்டக்ஸ்நெட்டின் குறி ஈரான்தான். ஆனாலும் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் ஏராளமான கம்ப்யூட்டர்களில் அது ஏறியிருந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கச் செருகிய பென்டிரைவ் அடுத்து எங்கே போகும் என்று வைரஸுக்குத் தெரிய வேண்டியதில்லை. செருக ஒரு கை கிடைத்தால் போதும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை வேண்டுமென்றே தவறவிட்டார்கள். ஏறக்குறைய பாதியில் ஃபைல்கள் திறக்கப்பட்டன. முதல் பென்டிரைவ் ஆறு நிமிடத்துக்குள் செருகப்பட்டுவிட்டது. காரணம் கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது, உரியவரிடம் சேர்க்கத்தான் என்பது. பேராசைக்காரர்களைவிட நல்லவர்களிடம்தான் இந்தத் தந்திரம் அதிகம் பலிக்கிறது போலும்.

அப்படியானால் பென்டிரைவுக்கே தடை போட்டுவிடலாமே? 2008-இல் மத்தியக் கிழக்கு முகாம் ஒன்றில் செருகிய பென்டிரைவால் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய நெட்வொர்க்குக்குள்ளேயே வைரஸ் புகுந்தது. உடனே பென்டிரைவையே முழுசாகத் தடை செய்தார்கள். 2010-இல் அந்தத் தடையை அவர்களே தளர்த்தினார்கள். வேலை நடக்க வேண்டுமே! ஆன்டிவைரஸ் போதும் என்பதும் நிற்காது: பென்டிரைவுக்குள் இருக்கும் சிப்பையே மாற்றி எழுதி, அதைக் கீபோர்டாக நடிக்கவைக்க முடியும் என்று 2014-இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். ஆன்டிவைரஸ் ஃபைலைச் சோதிக்கும். சிப்பைத் தட்டிப் பார்க்காது. மிஞ்சும் வழி சலிப்பூட்டுவது. எந்த நெட்வொர்க்கிலும் சேராத ஒரு கம்ப்யூட்டரை வாசலிலேயே வைத்து, வெளி பென்டிரைவை அதில் மட்டும் திறந்து, வேண்டிய ஃபைலைச் சோதித்து, ஆபீஸின் சொந்த பென்டிரைவில் மாற்றித் தர வேண்டும். சர்வீஸ் என்ஜினியரானாலும் மேலதிகாரியானாலும் அந்த மேஜையில் நின்றுதான் போக வேண்டும். மேலதிகாரிதான் முதலில் நிற்காமல் போவார்.