பாடும் பெட்டி

1877-ஆம் ஆண்டில் எடிசன் குரலைப் பதிக்கும் கருவியை இயற்றினார். 1887-இல் பெர்லினர் தட்டை வடிவான இசைத்தட்டுக்கு வழி கண்டார். 1902-இல் கல்கத்தாவில் கௌகர் ஜானின் பாடல் தட்டில் பதிவாயிற்று. கையால் முறுக்கிய வில்சுருளின் விசையாற் சுழன்ற கிராமபோன், மின்சாரம் எட்டாத இடங்களிலும் பாடியது.

தருமபுரி முதலிய ஊர்களில் பழைய வீட்டிலோ பழம்பொருட் கடையிலோ இத்தகைய பெட்டியைக் காண்போர் அதன் பளபளப்பில் மயங்கலாகாது. புதிய பித்தளைக் குழல் பொருத்திய போலிகளும் உலவுகின்றன. துருவேறிய வில்சுருளைச் சீராக்கலாம். உலர்ந்த ரப்பர் வளையத்தை மாற்றலாம். ஆனால், அரக்காலாகிய தட்டினை எரிசாராயத்தால் துடைத்தால் அது கரையும். தட்டிற் கலந்துள்ள கற்பொடி எஃகூசியின் முனையைத் தேய்க்கும். தேய்ந்த ஊசியோ தட்டின் வரிகளை அராவும். ஆகவே, பக்கந்தோறும் புதிய ஊசி இடுதல் வேண்டும். உடைந்த பெட்டிக்கு மாற்றுப் பெட்டி உண்டு. அழிந்த குரலுக்கு மாற்று இல்லை.