பதிவுகளைக் காலவரிசைப்படுத்தல்

மழைமானி நிலையங்களின் பதிவுகள் கால முறைப்படி அமைந்தால்தான் மழை எப்போது வலுத்தது, ஆற்றில் நீர் எப்போது உயரும் என்பவற்றைக் கணிக்க இயலும். வரிசை பிறழின் வெள்ள எச்சரிக்கையும் பிறழும்.

கணிப்பொறி தேதியை வெறும் எழுத்துத் தொடராகக் கொண்டால், அகராதியில் சொற்களை அடுக்குவது போல, இடப்புறத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். ஆகவே 9-7-2024 என்பதற்கு முன்னர் 10-7-2024 வந்துவிடும். 1 என்னும் இலக்கம் 9-க்கு முந்தியது அன்றோ? இவற்றையே 2024-07-09, 2024-07-10 என ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில், மாதத்தையும் நாளையும் ஈரிலக்கமாக எழுதினால், எழுத்துவரிசையும் காலவரிசையும் ஒன்றாகிவிடும். 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரம் இம்முறையையே வகுத்தது.

நேரத்திலும் இத்தகைய இடர் உண்டு. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதலானது. நம் நாட்டில் அன்றாட மழையளவு எடுக்கப்படும் காலை 8.30 மணி, உலகப் பொது நேரப்படி 03.00 ஆகும். ஒரே நாளில் ஒரு நிலையம் இந்திய நேரம் 08.30 என்றும், மற்றொன்று உலகப் பொது நேரம் 05.00 என்றும் குறித்தால், பிந்திய பதிவு பட்டியலில் முந்திவிடும். ஏனெனில் அந்த 05.00 என்பது இந்திய நேரப்படி 10.30.

எனவே நிரல் எழுதுவோர் எல்லா நேரங்களையும் ஒரே அடிப்படைக்கு மாற்றிய பின்னரே வரிசைப்படுத்துதல் வேண்டும். களப்பணியாளரும் எந்த நேரமுறை என்பதைத் தவறாது குறித்தல் வேண்டும். அக்குறிப்பு விடுபட்டால் பின்னர் ஊகிப்பதன்றி வழியில்லை. மாணவர் தம் பிறந்த நாட்களை இருமுறைகளிலும் எழுதி அடுக்கச் செய்து, ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம்.