75 மில்லியன் டொலர் வலை

நியூயோர்க் நகரின் 42ஆவது வீதியிலுள்ள பொக்ஸ்வூட்ஸ் அரங்கில் 2010ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி மாலை ‘ஸ்பைடர் மான்’ என்னும் இசைநாடகத்தின் முதலாவது முன்னோட்டக் காட்சி நடைபெற்றது. சித்திரக்கதைகள் மூலம் எமது பிள்ளைகளும் நன்கறிந்த அந்தச் சிலந்தி மனிதன், கம்பிகளில் தொங்கியவாறு சபையோரின் தலைக்கு மேலாகப் பறந்து செல்வதே நாடகத்தின் பெரும் கவர்ச்சியாக விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. ஆனால் அன்று இயந்திரங்கள் பழுதுபட்டுக் காட்சி பலமுறை இடைநிறுத்தப்பட்டது. முதற்பாதியின் முடிவில் நாயகன் சபையோருக்கு மேலே அந்தரத்தில் அசையாது தொங்கிக்கொண்டிருக்க, பணியாளர்கள் அவரைக் கீழிறக்கப் படாதபாடு பட்டனர். மூன்றரை மணித்தியாலம் அளவில் அக்காட்சி ஒருவாறு முடிவுற்றது.

பிறோட்வே என்றழைக்கப்படும் அந்த நாடக வட்டாரத்தின் வரலாற்றில் அதுவரை எவரும் செலவிட்டிராத தொகை இந்நாடகத்தின் பின்னால் இருந்தது. இறுதியில் அத்தொகை ஏறக்குறைய 75 மில்லியன் டொலர் எனப் பத்திரிகைகள் மதிப்பிட்டன. அதற்கு முன்னர் பெருஞ்செலவு எனப் பேசப்பட்ட ‘ஷ்ரெக்’ நாடகத்துக்கு இதன் மூன்றிலொரு பங்கே செலவாகியிருந்தது.

பணம் இவ்வாறு கரைந்தமைக்குத் தாமதமே முதற் காரணம் என்பது எமது எண்ணம். இத்திட்டத்தை முதலில் கையிலெடுத்தவர் ரோனி அடம்ஸ் என்னும் தயாரிப்பாளர். ‘யூ ரூ’ இசைக்குழுவைச் சேர்ந்த போனோ, எட்ஜ் ஆகிய இருவரையும் பாடல்களுக்காக இணங்கச் செய்தவரும் அவரே. 2005ஆம் ஆண்டு ஒக்ரோபரில் எட்ஜின் வீட்டில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிக் கொண்டிருந்த வேளையிலேயே அடம்ஸ் பக்கவாதத்துக்கு ஆளாகி, ஓரிரு நாட்களில் காலமானார். பெரிய நாடகம் எதனையும் முன்னின்று தயாரித்த அனுபவமில்லாத அவரது பங்காளி டேவிட் கார்பிங்கிள் முழுப்பாரத்தையும் சுமக்க நேர்ந்தது.

நெறியாளராக அமர்ந்தவர் ஜூலி ரேமோர். 1997இல் ‘லயன் கிங்’ நாடகத்தை மேடையேற்றி, இசைநாடக நெறியாள்கைக்கான ரோனி விருதைப் பெற்ற முதற் பெண் என்ற பெருமைக்குரியவர் அவர். அவரது கற்பனைக்கு எல்லை வகுக்க எவரும் முன்வரவில்லை. பறக்கும் காட்சிகளுக்காக அரங்கின் கூரையும் மேடையும் மாற்றியமைக்கப்பட்டன. 2010 பெப்ரவரியில் அரங்கேற்றம் என அறிவிக்கப்பட்டிருக்க, அதற்கு அரை வருடம் முன்னதாக, 2009 ஓகஸ்டில், கையிருப்பு முழுவதும் தீர்ந்துபோயிற்று. வேலைகள் நின்றன. இசைநிகழ்ச்சிகளை நடத்துவதில் பெயர்பெற்ற மைக்கேல் கோல் என்பவரைப் போனோ அழைத்து வந்த பின்னரே புதிய முதலீட்டாளர்கள் கிடைத்தனர்.

எமது கலைவிழாக்களில் மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, ஒலி ஒளி அமைப்பாளருக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, மிகுதியை நுழைவுச்சீட்டு விற்று அடைக்கலாம் என நம்பியிருந்து, விழாத் திகதி பின்போடப்பட்டதும் நித்திரையின்றித் தவித்தவர்களுக்கு இந்நிலை விளங்கும். மண்டபம் வெறுமையாகக் கிடந்தாலும் வாடகை நிற்பதில்லை. இங்கோ அரங்கு ஒரு வருடத்துக்கும் மேலாகக் காட்சி எதுவுமின்றிக் கிடந்தது. கோல் வந்து சேர்ந்தபோது கணக்கை மூடிவிட்டு விலகியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உளர். விலகினால் ஏற்கெனவே இட்ட பணம் அத்தனையும் போய்விடும். முறியப்போகும் சீட்டென்று உள்ளூரத் தெரிந்தும், கட்டிய காசை நினைத்து அடுத்த மாதமும் கட்டுபவரின் நிலைதான் அந்த முதலீட்டாளர்களுக்கும்.

இந்தச் செலவின் சுமையை உடலால் தாங்கியவர்கள் நடனக் கலைஞர்களும் சாகச நடிகர்களும் ஆவர். முன்னோட்டக் காட்சிகள் தொடங்குமுன்னரே, கவணிலிருந்து எறியப்படுவது போன்ற ஒரு பாய்ச்சலில் ஒருவரின் இரு மணிக்கட்டுகளும் முறிந்தன. அதே பாய்ச்சலில் முன்னர் இன்னொருவரின் பாதமும் முறிந்திருந்தது. முதற் காட்சியன்று நடிகை ஒருவர் மேடையின் ஓரத்தில் நின்றபோது கயிறொன்று தலையில் அடித்துக் காயமுற்று, பின்னர் நாடகத்தை விட்டே விலகினார். டிசம்பர் 20ஆந் திகதி நடந்ததே மிகக் கொடியது. சாகச நடிகர் ஒருவரின் பாதுகாப்புக் கயிறு பொருத்தப்படாதிருந்தமையால், உயரமான மேடையமைப்பிலிருந்து அவர் கீழே விழுந்து, மண்டையோட்டிலும் முள்ளந்தண்டிலும் முறிவுகளுக்கு உள்ளானார். கயிறு மாட்டப்பட்டதா என்பதை இரண்டாவது பணியாளர் ஒருவரும் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அதன் பின்னரே நடைமுறைக்கு வந்தது! 23ஆந் திகதி காட்சிகள் மீண்டும் தொடங்கிவிட்டன. அடுத்த வருடம் மார்ச்சில் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் விதித்த தண்டம் 12,600 டொலர். 75 மில்லியனுக்கு அருகே அத்தொகையை வைத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். (விழுந்த நடிகர் சில மாதங்களிற் குணமடைந்து அதே நாடகத்துக்குத் திரும்பினார் என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும்.)

விபத்துச் செய்திகள் பரவப் பரவ நுழைவுச்சீட்டு விற்பனை குறையவில்லை, கூடியது. 2011 ஜனவரியில் ஒரு வாரம், பிறோட்வேயின் வசூல் அரசியாக விளங்கிய ‘விக்கட்’ நாடகத்தையும் இது முந்தியது. அரங்கேற்றமோ டிசம்பரிலிருந்து ஜனவரிக்கும், பெப்ரவரிக்கும், மார்ச்சுக்குமாகத் தள்ளிக்கொண்டே போனது. முன்னோட்டம் என்ற பெயரில் முழு விலைக்குச் சீட்டு விற்கப்படுவதைக் கண்ட விமர்சகர்கள் பொறுமையிழந்து, பெப்ரவரி 7ஆந் திகதியை அண்டித் தாமாகவே சென்று பார்த்து எழுதினர். பெரும்பாலானவை கடுமையான விமர்சனங்கள். கதை விளங்கவில்லை என்பதே பொதுவான குற்றச்சாட்டு. இசையமைத்த இருவரும் முதற் காட்சிகளின்போது அவுஸ்திரேலியாவில் தமது குழுவின் இசைப்பயணத்தில் இருந்தனர். பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள் தொட்டிலடியில் இல்லாத நிலை.

மார்ச்சில் ரேமோர் நெறியாள்கைப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். பிலிப் மக்கின்லி என்பவர் நியமிக்கப்பட்டு, கதையும் திருத்தி எழுதப்பட்டது. அதற்காக ஏப்ரல், மே மாதங்களில் மூன்று வாரங்களுக்கு மேலாக அரங்கு மூடப்பட்டது. 182 முன்னோட்டக் காட்சிகளின் பின்னர் 2011 ஜூன் 14ஆந் திகதி அதிகாரபூர்வ அரங்கேற்றம் நடந்தேறியது. பிறோட்வேயில் அத்தனை முன்னோட்டங்களைக் கண்ட நாடகம் அதுவரை வேறில்லை. அந்த வருட நவம்பரில் ரேமோர் தமக்குரிய பங்குத்தொகை கோரி வழக்குத் தொடுத்தார். தயாரிப்பாளர்கள் எதிர்வழக்குத் தொடுத்தனர். 2013இல் சமரசம் ஏற்பட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு வாரமும் நாடகத்தை நடத்துவதற்கே ஒரு மில்லியன் டொலருக்கு மேல் தேவைப்பட்டது. சிறப்பான வாரங்களில் இந்நாடகம் குவித்த பணம் சாதாரணமானதன்று. 2012 புதுவருடத்துடன் முடிந்த வாரத்தில் 2.9 மில்லியன் டொலருக்கு மேல் வசூலாகி, பிறோட்வேயில் முன்னிருந்த சாதனையையே முறியடித்தது. ஆயினும் நத்தார் விடுமுறை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். சாதாரண வாரமொன்றில் செலவு போக 3 இலட்சம் டொலர் மிஞ்சியதென்றே வைத்துக்கொண்டாலும், 75 மில்லியனை மீட்க 250 வாரங்கள், அதாவது ஏறக்குறைய 5 வருடங்கள், இடைவிடாது அவ்வாறே ஓட வேண்டும். 2013இன் பிற்பகுதியில் வாராந்த வருமானம் ஒரு மில்லியனுக்கும் கீழே இறங்கியது. திரையைத் தூக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் என்ற நிலை. 2014 ஜனவரி 4ஆந் திகதி, 1,066 காட்சிகளுடன் நாடகம் நிறுத்தப்பட்டது. ஆயிரம் காட்சிகளைக் கடந்தும், முதலீட்டாளர் இழந்த தொகை 60 மில்லியன் டொலர் வரை இருக்கலாம் எனச் செய்திகள் தெரிவித்தன.

கனடாவிலுள்ள எம்மவர்க்கு இத்தகைய கதை முற்றிலும் புதிதன்று. ஏ.ஆர். ரஹ்மானும் இசையமைப்பிற் பங்கேற்ற ‘லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ இசைநாடகம் 2006 மார்ச்சில் ரொறன்ரோவில் அரங்கேறியது. ஏறக்குறைய 28 மில்லியன் கனேடிய டொலர் செலவிலான அந்நாடகம் அதே வருடம் செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. திருத்தங்களுடன் 2007இல் இலண்டனுக்குச் சென்று, அங்கும் ஒரு வருடத்துக்குச் சற்று மேலாகவே நின்றுபிடித்தது. அதன் முன்னோட்டக் காலத்திலும் நடிகர் ஒருவரின் கால் மேடை இயந்திரத்தில் அகப்பட்டது.

பொக்ஸ்வூட்ஸ் அரங்கு 2014இல் லிரிக் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பின்னர் பெருஞ்செலவில் திருத்தப்பட்டு, 2018 ஏப்ரலில் ‘ஹரி பொட்டர்’ நாடகம் அங்கு அரங்கேறியது. புதிய நாடகத்தார் முதலிற் செய்த வேலைகளுள் ஒன்று, ஏறக்குறைய 1,900 ஆக இருந்த ஆசனங்களை 1,600 அளவுக்குக் குறைத்தமையாகும்.