மண் ரோடும் தார் ரோடும்: திண்டுக்கல் பக்கம் எந்த டூயல் ஸ்போர்ட் பைக் சரிப்படும்?

திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் நல்ல தார் ரோடுதான். மதுரைக்கும் கரூருக்கும் 44-ஆம் எண் நான்குவழிச் சாலை, பழனிக்கும் திருச்சிக்கும் 83-ஆம் எண் சாலை. ஆனால், வேடசந்தூர் பக்கமோ ஆத்தூர் பக்கமோ அந்த ரோட்டைவிட்டு இறங்கினால் செம்மண் வண்டிப்பாதை, சரளைக்கல் மேடு, குடகனாற்றை ஒட்டிய மணல் தடம் எல்லாம் வந்துவிடும். ஐப்பசி மழையில் அதே பாதை வழுக்கும் சேறாகிவிடும். இந்த இரண்டு வகை ரோட்டிலும் ஓடுவதற்கென்று செய்யப்படுவதுதான் டூயல் ஸ்போர்ட் பைக். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும். மண்ணில் இறங்கினாலும் தாங்கும்.

சாதாரண பைக்கிலிருந்து எதில் மாறுபடுகிறது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. ஸ்பிளெண்டரில் இது 165 மில்லிமீட்டர். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் 220 மில்லிமீட்டர். வண்டிப்பாதையின் நடுமேடு இன்ஜினில் இடிக்காமல் தப்புவது இதனால்தான். இரண்டாவது, ஷாக் அப்சார்பர் ஏறி இறங்கும் தூரம். எக்ஸ்பல்ஸில் முன்பக்கம் 190, பின்பக்கம் 170 மில்லிமீட்டர். பள்ளத்தில் விழுந்த அடி முதுகுத்தண்டுக்கு வராமல் அங்கேயே அடங்கிவிடும். மூன்றாவது, முன் சக்கரம். 21 அங்குலச் சக்கரம் கல்லையும் குழியையும் சுலபமாக ஏறிக் கடக்கும். கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் நிதானமாகத் திரும்பும். 17 அங்குலம் தார் ரோட்டுக்கு உகந்தது. 19 அங்குலம் இரண்டுக்கும் நடுவில்.

சி.சி.யைவிட எடை முக்கியம்

ஷோரூமில் எல்லாரும் முதலில் கேட்பது சி.சி.யும் பிக்கப்பும். மண் ரோட்டுக்கு முதல் கேள்வி அதுவல்ல. சேற்றில் கவிழ்ந்த வண்டியை உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக நிமிர்த்த முடியுமா என்பதே முதல் கேள்வி. மண்ணில் ஓட்டக் கற்றுக்கொள்கிற எவரும் வண்டியைக் கீழே போடத்தான் செய்வார்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 160 கிலோ, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. தாளில் 36 கிலோ சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஓடைச் சரிவில் கால் வழுக்கும் இடத்தில் வண்டியைத் தூக்கும்போதுதான் அதன் கனம் புரியும்.

சீட் உயரமும் அப்படித்தான். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 825 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். ஐந்தரை அடி உயரமுள்ளவர் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதியாது. ஒரு காலையாவது உறுதியாக ஊன்ற முடிகிறதா என்று, மண்ணில் ஓட்டும்போது போடப்போகிற ஷூவைப் போட்டுக்கொண்டே ஷோரூமில் பாருங்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். குனியாமல் கைக்கு எட்டினால் அந்த வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறது.

சீமைக்கருவேல முள்ளும் ட்யூபும்

நம் சமவெளியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்போக்ஸ் வீல் கல்லில் அடிபட்டால் நெளியும், பட்டறையில் நிமிர்த்திவிடலாம். அலாய் வீல் அதே அடியில் விரிசல் விடக்கூடும். அதனால் மண்ணுக்கு ஸ்போக்ஸ்தான் நல்லது. ஆனால், ஸ்போக்ஸ் வீலில் பெரும்பாலும் ட்யூப் இருக்கும். சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து ட்யூபில் ஏறினால் காற்று உடனே இறங்கிவிடும். ட்யூப்லெஸ் டயரில் முள் குத்தினாலும் காற்று மெல்லத்தான் கசியும், பஞ்சர் கடை வரை வந்துவிடலாம். ஹிமாலயன் 450-இல் கூடுதல் விலைக்கு ட்யூப்லெஸ் ஸ்போக்ஸ் வீல் கிடைக்கிறது. ட்யூப் உள்ள வண்டி எடுப்பவர்கள் மாற்று ட்யூப், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு மூன்றையும் பையில் வைத்திருப்பதோடு, ட்யூப் மாற்றவும் வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

பிரேக்

125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். தார் ரோட்டில் அது உயிர்காப்பது. சரளைச் சரிவில் இறங்கும்போது மட்டும் பின்சக்கர ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க நேரமாகும். பின்சக்கரத்துக்கு மட்டும் அதை நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் நல்லது. ஹிமாலயன் 450-இல் அது உண்டு; சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.-இல் இல்லை. தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

யாருக்கு எது?

தோட்டத்துக்குப் போய்வரவும் உர மூட்டை ஏற்றவும் மட்டும்தான் வண்டி என்றால் டூயல் ஸ்போர்ட் தேவையே இல்லை. சுமார் 90 கிலோ எடையுள்ள டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

வாரநாளில் ஊருக்குள் ஓட்டம், விடுமுறையில் மண் பாதை என்பவர்களுக்கு எக்ஸ்பல்ஸ் 200 4வி அல்லது 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210. நான்குவழிச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் தார் ரோடு, எப்போதாவது மண் என்றால் 19 அங்குல முன்சக்கரம் கொண்ட வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். போதும். மூட்டை முடிச்சுடன் தொலைதூரம் போகிறவர்களுக்கு, மண்ணில் முன்அனுபவமும் இருந்தால், ஹிமாலயன் 450. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதால் ஹிமாலயனுக்கு வரியும் அதிகம்.

வாங்கியபின்

செம்மண் புழுதி ஏர் ஃபில்டரையும் செயினையும் சீக்கிரம் கெடுக்கும். மண் ஓட்டம் முடிந்ததும் இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும்போது தார் ரோட்டோடு நின்றுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்குவது குற்றம். காட்டுயிர்களுக்கும் அது தொல்லை. விதைத்த நிலத்திலும் வரப்பிலும் ஏற்றாதீர்கள். தோட்டப் பாதை என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

முதன்முறையாக மண்ணில் இறங்குகிறவருக்கு என் பரிந்துரை எக்ஸ்பல்ஸ்தான். பெரிய வண்டிக்கு ஆகும் பணத்தில் மிச்சப்படுவதை நல்ல ஹெல்மெட், முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்கச் செலவிடுங்கள்.