இலக்கம் கடல் தாண்டும். நோய் விவரம் தாண்டுமா?

இலங்கையின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் (2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம்) முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்த நாள் நெருங்கிய வேளையில், சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லி அறிவித்தலை அரசாங்கமே மீளப் பெற்றுக்கொண்டது. அதன் பிறகு தீவகத்திலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம். கெடு தள்ளிப்போனதால் ஆஸ்பத்திரி இலக்கம், அதாவது பி.எச்.என்., எடுக்க இன்னும் காலம் இருக்கிறதா என்கிறார் ஒருவர். டிஜிட்டல் அடையாள அட்டையும் இதுவும் ஒன்றுதானே என்கிறார் இன்னொருவர். ஒன்றல்ல. அந்தக் கெடுவும் நோயாளிக்கு வைத்தது அல்ல. மக்களின் தகவலை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு வைத்தது.

பி.எச்.என். என்பது என்ன?

உத்தியோகபூர்வ விளக்கம்: ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே சுகாதார இலக்கம். நடைமுறை விளக்கம்: ஒரு வைத்தியசாலை உங்களைப் பதிந்தபோது அட்டையில் தந்த இலக்கம், அந்த அட்டையை நீங்கள் மறக்காமல் கொண்டு போகும்வரைதான் அது ஒரே இலக்கம்.

இணையம் இல்லாத தீவில் எப்படிக் கொடுப்பார்கள்?

கெட்டித்தனம் இங்கேதான் இருக்கிறது. இலக்கத்தில் 11 இடங்கள். முதல் நான்கு, அதை வழங்கும் நிலையத்தின் குறியீடு. அடுத்த ஆறு, அந்த நிலையத்தின் சொந்த வரிசை எண். கடைசி ஒன்று, முன்னுள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுக்கும் சரிபார்ப்பு எண். எழுதும்போது ஓரிலக்கம் பிசகினால் கணினி அதை வைத்துப் பிடித்துவிடும்.

பஸ் கண்டக்டரின் ரிக்கற் புத்தகம் போல: ஒவ்வொருவர் கையிலும் தனித் தொடர் எண் இருப்பதால், ஒரு ரிக்கற் கிழிக்க டிப்போவைக் கேட்க வேண்டியதில்லை. குறியீடு வேறென்பதால் நெடுந்தீவில் கொடுத்த இலக்கமும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் கொடுத்த இலக்கமும் ஒருநாளும் மோதாது. ஆறு இடங்களில் பத்து இலட்சம் வரை எண்ணலாம். ஐயாயிரம் பேர்கூட இல்லாத நெடுந்தீவுக்கு அது தலைமுறைகளுக்குக் காணும். சிக்னல் போனாலும் பதிவு நிற்காது.

பிறகு எங்கே சிக்கல்?

அதே இடத்தில்தான். யாரையும் கேட்காமல் கொடுக்கலாம் என்றால், இவருக்கு ஏற்கெனவே இலக்கம் இருக்கிறதா என்றும் கேட்க முடியாது. நெடுந்தீவில் நீரிழிவுக்குப் பதிந்த அம்மா ஒருவர், குறிகட்டுவானில் இறங்கி யாழ் போதனா வைத்தியசாலைக்கு அட்டை இல்லாமல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே புதிய இலக்கம் கிடைக்கும். அதுவும் பிழையற்ற இலக்கம்தான். சரிபார்ப்பு எண் இலக்கத்தைத்தான் சோதிக்கும், ஆளைச் சோதிக்காது. ஒரு பதிவில் மருந்து ஒவ்வாமை இருக்கும், மற்றதில் இருக்காது. மாவட்டக் கணக்கில் நீரிழிவுக்காரர் ஒருவர் கூடுவார்.

பெயரைத் தேடிப் பிடிக்கலாமே என்பார்கள். எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற வைத்தியசாலை மென்பொருள், அந்தந்த வைத்தியசாலையின் சொந்த சேர்வரில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டது. சேர்வர்கள் தமக்குள் பேசாதவரை யாழ்ப்பாணத்தில் எவ்வளவு தேடினாலும் நெடுந்தீவுப் பதிவு வராது. அட்டையைக் கொண்டு போயிருந்தாலும் வருவது இலக்கம் மட்டுமே. பழைய மருந்து விவரம் வராது.

இந்தியா 2021 செப்டெம்பரில் நாடு முழுவதற்கும் விரித்த 14 இலக்க 'ஆபா' எண்ணை ஆதார் வழியாக எடுப்பவருக்குத் தொலைபேசியில் ஒருதடவைக் குறியீடு வரும். ஆளை உறுதிசெய்ய அது நல்ல வழி. படகு நடுக்கடலில் ஆடும்போது சிக்னல் தேடுபவர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு கதை. இலங்கை முறை தீவுக்குப் பொருந்துகிறது. ஆனால் இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் பதிவுகளை ஒப்பிட்டு, இரட்டை இலக்கங்களை ஒன்றாக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே ஊர், நெருங்கிய பிறந்த ஆண்டு: இவர் அவர்தானா என்று கடைசியில் ஒரு மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும். திறப்பு விழாக்களில் கணினியைக் காட்டுகிறார்கள். இந்த வேலைக்கு யார் ஆள், எந்தச் சம்பளப் பட்டியலில் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

அடையாள அட்டை இலக்கமே போதாதா?

15 வயதுக்குள் அது கிடையாது. தடுப்பூசிக்கு வரும் கைக்குழந்தையை எதைக் கொண்டு பதிவது?

மின்சாரம்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்றாலை கொண்ட இந்திய உதவித் திட்டம் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அது முடிந்த பிறகும் சேர்வருக்கு பற்றரி வேண்டும்.

என் விவரத்தை யார் பார்க்கலாம்?

உடல்நலத் தகவலைச் சட்டம் விசேட வகையில் வைத்திருக்கிறது. மற்றதை நடைமுறையில்தான் பார்க்கலாம்.

இரவில் நோயாளியைக் கடற்படைப் படகில் ஏற்றினால்?

இலக்கமும் கூடவே வர வேண்டுமென்றால், அட்டையை வீட்டார் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

அட்டை தொலைந்தால்?

முதலில் பதிந்த வைத்தியசாலையிலேயே கேளுங்கள்.

இனிக் கிளினிக் கொப்பி வேண்டாமா?

வேண்டும். மட்டையில் இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.