கயிறு கைமாறினால் பொறுப்பும் கைமாறும்

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் நாய்ப் பயிற்சியை முழுநேரப் பிழைப்பாக எடுத்துக்கொண்ட இளைஞர்களை இப்போது நிறையவே பார்க்க முடிகிறது. முன்பு இந்த வேலையில் இருந்தவர்களில் பலர் காவல்துறையிலும் ராணுவத்திலும் மோப்ப நாய்களைக் கையாண்டு ஓய்வு பெற்றவர்கள். பணியில் இருந்தவரை அவர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. கடிபட்டால் சிகிச்சைக்குத் துறை இருந்தது. விடிகாலையில் பைக்கில் வீடுவீடாகப் போய் 'சிட்', 'ஸ்டே', 'ஹீல்' சொல்லிக்கொடுக்கும் இன்றைய பயிற்சியாளருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதைத் தானே தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறார்.

இந்தியாவில் நாய்ப் பயிற்சியாளராக வேலை செய்யச் சட்டப்படி தனி உரிமமோ தகுதித் தேர்வோ கிடையாது. ஜெர்மனியில் 2014 முதல், கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருடைய நாய்களைப் பழக்குபவர் அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். இங்கே யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். யார் வேண்டுமானாலும் 'சான்றிதழ் வகுப்பு' நடத்திப் பணம் வசூலிக்கவும் செய்யலாம். 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு பயிற்சி மையம் சொன்னால் எந்தத் துறை, எந்த ஆணை என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளரிடம் உதவியாளாகச் சேர்ந்து பழகுவது, சுவரில் மாட்டும் காகிதத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களில் பலர் கவனிக்காத ஒரு சட்டப் பிரிவு உண்டு. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய முன்னெச்சரிக்கை எடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. 'உரிமையாளர்' என்று அது சொல்லவில்லை; 'தன் வசம்' என்கிறது. பூங்காவில் நீங்கள் கயிற்றைப் பிடித்திருக்கும்போது நாய் ஒரு குழந்தை மேல் பாய்ந்தால், 'இது என் நாய் இல்லையே' என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் பண்ணையில் தங்கவைத்துப் பழக்கும் நாய்க்கும் இதே பொறுப்புத்தான். அது தப்பி ஓடினாலும், அடுத்த கூண்டு நாயிடமிருந்து பார்வோ வைரஸ் தொற்றி இறந்தாலும், போதிய அக்கறை எடுத்தீர்களா என்பதுதான் கேள்வியாக வரும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒப்படைக்கப்பட்ட பொருளை இயல்பான விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல் காக்கச் சொல்கிறது. சட்டத்தின் கண்ணில் நாயும் ஒருவரது உடைமை.

அதனால் முதல் வகுப்புக்கு முன்பே இரண்டு பக்க ஒப்பந்தம் போடுங்கள், தமிழிலேயே. அதில் விட்டுவிடக் கூடாத கேள்வி ஒன்று: இந்த நாய் இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா? உரிமையாளர் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். பலர் இதை மறைக்கிறார்கள். நாயின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்து, பயிற்சியாளரின் கையைப் பணயம் வைக்கிறார்கள். கடித்ததைத் தெரிந்தே மறைத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால், நாளை சிகிச்சைச் செலவு கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். தடுப்பூசி அட்டையின் நகலையும், நாய் வளர்ப்பு உரிமம் கட்டாயமான மாநகராட்சிகளில் அந்த உரிமத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு எந்தக் கால்நடை மருத்துவரிடம் போவது, செலவு யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள்.

வெறிநோய் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஊசி போட்டுக்கொண்டால் முழுமையாகத் தடுக்கலாம். நாய்களோடு வேலை செய்பவர்கள் கடிபடும் முன்பே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல்: முதல் நாள் ஒன்று, 7ஆம் நாள் ஒன்று, 21 அல்லது 28ஆம் நாள் ஒன்று. இப்படிப் போட்டவரும் கடிபட்டால் மறுபடி இரண்டு ஊசி போட்டாக வேண்டும், அன்றைக்கே ஒன்றும் 3ஆம் நாள் ஒன்றும். முன்பு போடாதவருக்கு முழுத் தவணையும், ரத்தம் வரும் கடியென்றால் அதோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். 'வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே' என்ற சமாதானம் வேண்டாம். அரசு மருத்துவமனையில் கடிக்கான ஊசி இலவசம். அங்கே வாங்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் இழப்பீடு கேட்க அதுவே ஆதாரம்.

அடித்துப் பழக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஒரு மாதத்தில் அடங்கிவிடும்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கெடு நெருங்கும்போது கழுத்தை இறுக்கும் சோக் செயினை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். உறுமியதற்கு அடிவாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திக்கொள்ளும்; பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும், வீட்டுக் குழந்தையைக்கூட. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் எல்லா நாய்களுக்கும் பரிசு தந்து பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. மின் அதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் நாடு 2010லேயே தடைசெய்தது. நம்முடைய 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இது வெட்கக்கேடு. ஆனால் அதை நம்பிக் கை ஓங்காதீர்கள். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. வீட்டுக் கேமராவில் பதிவாகும் ஒரே ஒரு அடி உங்கள் பிழைப்பையே முடித்துவிடும்.

அடுத்தது கூலி. பாதி முன்பணம், மீதி இத்தனையாவது வகுப்பில் என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் சிறிய வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேலை நடந்ததற்கு அது சான்று. வீட்டார் தினமும் பழக்காவிட்டால் கற்றது மறந்துபோகும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். 'நூறு சதவீத உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்யாதீர்கள். சேவைக் குறைபாடு என்று உரிமையாளர் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உரிமை உள்ளவர்.

பணம் தராதவரின் நாயைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, உழைப்பும் திறனும் செலுத்திய பொருளைக் கூலி வரும்வரை வைத்திருக்கும் உரிமையைப் பொதுவாகத் தருகிறது. உயிருள்ள ஒன்றின் விஷயத்தில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாய்க்குத் தீனிச் செலவு உங்களுக்கு, ஏக்கம் அதற்கு, காவல் நிலையத்தில் புகாரும் உங்கள் மேல். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குத் தொடுக்கும் முன்பே அங்கே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். உதவி எண் 15100. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி என்றால் கூலி பாக்கிக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு.

நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங் கென்னலில் சம்பளத்துக்கு இருப்பவர்கள், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு உண்டா என்று முதலாளியிடம் கேளுங்கள். தனியாகத் தொழில் செய்பவர்கள் 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதியலாம். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

நாய் வளர்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பயிற்சியாளர் நீட்டும் கேள்வித்தாளை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். பயிற்சியாளர்களே, வெறிநோய்த் தடுப்பூசி இன்னும் போடாதவராக இருந்தால் அடுத்த வகுப்புக்குப் போகும் முன் மருத்துவரிடம் போங்கள்.