வண்டிப்பாதையா, நடைபாதையா? பத்திரத்தில் இருக்கும் ஒரே வார்த்தையால் வரும் சிக்கல்

எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் இன்னமும் மண் தடங்களைப் பார்க்கலாம். பக்கத்து நிலம் கைமாறி, கன்டெய்னர் யார்டுக்கோ குடோனுக்கோ காம்பவுண்ட் சுவர் எழும்பும்போதுதான் பிரச்னையே. 'இந்த வழியா டிராக்டர் கொண்டு போக உங்களுக்கு உரிமை இருக்கா?' என்று கேட்டால் என்ன பதில்?

பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்' என்று இருக்கிறதா, வெறும் 'நடைபாதை பாத்தியம்' என்று இருக்கிறதா? 1882-ம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம், பிரிவு 28 சொல்வது இதுதான்: ஒரு வகை வழி உரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது. அதாவது, நடந்து போகும் உரிமை இருப்பதாலேயே வண்டி ஓட்டும் உரிமை வந்துவிடாது. நம்ம ஊர் ரோட்டில் மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே எழுதிய சட்டம் இது!

பத்திரத்தில் எதுவுமே இல்லையா? 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் கோரலாம். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். ஆனால் 'சரி, போய்க்கோங்க' என்று நில உரிமையாளர் அனுமதி தந்து போய் வந்தது இந்தக் கணக்கில் சேராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இங்கிலாந்திலும் இதே குழப்பம் இருந்தது. குதிரை வண்டி போன பழைய மண் பாதையில் ஜீப்பும் பைக்கும் போகலாமா என்று பெரிய சண்டை. 2006-ல் சட்டம் வந்தது. மோட்டார் வண்டிக்கான பாதை என்று பதிவாகாத தடங்களில், சில விதிவிலக்குகள் தவிர, அந்த உரிமையே போய்விட்டது.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியது, 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்குள் வரும் நீர்நிலை, ஓடை, வாய்க்கால் பற்றியது. கிராமங்களில் வாய்க்கால் கரைதான் பல நேரம் வழியும். வாய்க்கால் இடம் மாறினால் அந்த வழியும் கேள்விக்குறிதான்.

முதலில் சர்வே எண்ணை வைத்து தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படமும் 'அ' பதிவேடும் பாருங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு சொத்து. யாரும் வேலி போட முடியாது, தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். பட்டா நிலத்துக்குள் போகும் தடம் என்றால் சிவில் கோர்ட்தான். வழியை மறித்த பிறகு வழக்குப் போட 2 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தால், 20 ஆண்டு கணக்கைக் காட்டுவதே கஷ்டமாகிவிடும்.